துணைக்கால்

வூர்ட்ஸ்புர்க்கில், ட்ராம் திரும்பும் முனையில்
கண்ணாடியில் எழுத்து வெட்டித் தரும் கடை.
லிண்ட்னர் என்ற அந்தப் பெண்
நான் எழுதிக் கொடுத்த துண்டுக் காகிதத்தைத்
தலைகீழாகவும் ஒருமுறை பார்த்தாள்.
"எது மேல்?"
அம்புக்குறி போட்டுக் கொடுத்தேன்.

ஆறு தம்ளர்கள். அடி கனம், விளிம்பு மெல்லிசு.
ஒரு பக்கம் ஞா. மறுபக்கம் மு.
ஞானரூபிக்கும் முகிலனுக்கும்
வைகாசியில் கல்யாணம்.
எவர்சில்வர் குடமும் சுவர்க் கடிகாரமும்
எப்படியும் நாலு பேர் தருவார்கள்.
எழுத்து வெட்டிய கண்ணாடி
என்னைத் தவிர யார் தருவார்?
கொஞ்சம் கர்வம்தான்.

வெள்ளிக்கிழமை எடுக்கப் போனால்
ஆறிலும் ஞ. வெறும் ஞ.
பக்கத்தில் நின்ற கோட்டை
ஓர அலங்காரம் என்று விட்டுவிட்டாளாம்.
"அலங்காரம் இல்லை, கால்."
"எழுத்துக்குக் காலா?"
துணைக்கால் என்பதை ஜெர்மனில் சொல்லப் போய்
ஊன்றுகோலில் வந்து முடிந்தது.
பாவம் என்பதுபோல் தலையாட்டி
உள்ளே எடுத்துப் போனாள். சக்கரம் கீச்சிட்டது.
திரும்பி வந்தபோது
ஆறுக்கும் கால் முளைத்திருந்தது.
ஒன்றில் மட்டும் சற்றே தள்ளி,
சண்டை பிடித்துவிட்டு
ஒரே பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர் மாதிரி.

கல்யாணத்துக்கு மூன்று கிழமை இருக்க
ஞானரூபி போன் எடுத்தாள்.
"நடக்காது. நான்தான் வேண்டாம் எண்டனான்."
குரல் கம்மவில்லை.
பின்னால் மைக்ரோவேவ் மணி அடித்தது.
"சாப்பாடு சூடாகிட்டுது, வைக்கிறன்."

பெயர் வெட்டிய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை:
கல்லாவுக்கு மேலே அறிவிப்பு.
லிண்ட்னர் அதைச் சுட்டிக்காட்டவில்லை.
"அதே எழுத்தில் வேறு யாராவது?" என்று கேட்டாள்.
மு-வுக்கு ஆள் பஞ்சமில்லை.
ஞா-வுக்கு நியூரன்பர்க் வரை தேடினாலும்
ஒரு ஞானச்சந்திரன்தான்,
அவருடைய மனைவி பெயர் வசுமதி.

வீட்டுக்கு வரும் வழியில் பழைய பாலம்.
மாலை வெயிலில் ஊரே வைன் கிளாஸோடு நிற்கிறது.
முன்பணம் கட்டி வாங்கிய, யார் பெயரும் இல்லாத கிளாஸ்கள்.
குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால்
கட்டிய காசு கைக்கு வரும்.
என் பையில் ஆறும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

ஆகவே நானே குடிக்கிறேன்.
இந்த ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு.
வெட்டின பள்ளங்களில் வெள்ளையாய்ப் படியும்,
எழுத்து இன்னும் நன்றாகத் தெரியும்.
வினிகர் ஊற்றித் தேய்த்தால் மங்கும்.
தேய்ப்பதை விட்டுவிட்டேன்.

ஆவணியில் முகிலன் வந்தான்,
கடன் வாங்கிய ட்ரில் மெஷினைத் திருப்பித் தர.
அலமாரிக் கதவை முதலே சாத்தியிருந்தேன்.
வடிய வைத்த ஒன்றை மறந்துபோனேன்.
பார்த்தான்.
"தண்ணி தா. அதிலையே தா."

விளிம்பு வரை நிரப்பினேன்.
தன் எழுத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு
மற்றதைத் தேடுவதுபோல் தம்ளரைச் சுற்றினான்.
மு முன்னால் வந்தபோது
தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஞா,
இடம் வலம் மாறி,
இரண்டு மடங்கு பருத்து நின்றது.
அவன் குடிக்கக் குடிக்க
மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாய்
தன் அளவுக்கு இறங்கியது.

"காலைப் பிழையா வெட்டியிருக்கினம்" என்றான்.
"பிறகு சேர்த்தது" என்றேன்.
அதற்கு மேல் இருவரும் பேசவில்லை.
ட்ரில் மெஷினின் ஆறு மில்லிமீட்டர் ஊசி
தொலைந்துவிட்டதாகச் சொன்னான்.
பரவாயில்லை என்றேன்.
தம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான்.

நத்தாருக்கு ஞானரூபி ப்ரேமனில் இருந்து வருகிறாளாம்,
இரண்டு நாள் தங்குவாளாம்.
தேத்தண்ணியை எதில் கொடுப்பது?
நிமிர்த்திப் பார்க்கிறேன்.
கவிழ்த்த இடத்தில் வெள்ளையாய் ஒரு வட்டம்.
அதைத் துடைக்கத் துணி தேடுகிறேன்.